மூன்றடித் தொட்டிக்கு எந்தச் சிக்லிட்? மீனைக் கடைசியாகத் தேர்ந்தெடுக்கும் முறை

சிக்லிட் எனும் குடும்பத்து மீன்களை வளர்க்கத் தொடங்கிச் சில மாதங்களில் கைவிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் போயிருப்பார்கள். கடையில் நிறம் பார்த்து மீன் வாங்குவார்கள், அதற்காக ஒரு தொட்டி தேடுவார்கள், மீன் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கிய பிறகு தண்ணீரைச் சோதிப்பார்கள். இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறோம். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர், அடுத்து தொட்டியின் அடிப்பரப்பு, பிறகு எந்த மீன் கூட்டம், எத்தனை மீன். இவை முடிவானால் வாங்க வேண்டிய மீன்கள் நான்கைந்து பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

நடுத்தரத் தொட்டி என்று இங்கே சொல்வது 100 முதல் 250 லிட்டர் வரை. கடைப் பேச்சில் மூன்றடி, நான்கடித் தொட்டி.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏரியில் தூண்டிலில் மாட்டும் ஜிலேபியும் சிக்லிட்தான். கோடையில் தண்ணீர் இறங்கும்போது ஏரி ஓரத்தில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் ஆண் ஜிலேபி தோண்டிக் காவல் காத்த கூடு. கண்ணாடித் தொட்டியில் இருக்கும் எட்டு செ.மீ. மஞ்சள் மீனுக்கும் அதே குணம்தான். ஏரியில் தோற்ற மீன் ஓடிவிடும். தொட்டியில் ஓட இடமில்லை. கீழே வரும் விதிகளில் பாதிக்கு இதுவே காரணம்.

1. கையில் இருக்க வேண்டியவை

சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி: பிஎச் (அமில, கார அளவு), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை). காகிதப் பட்டை மலிவு, ஆனால் அம்மோனியா விஷயத்தில் அதை நம்ப முடியாது. ஒரு வெப்பமானி, குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கும் ஆன்டி க்ளோரின், மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப். தனிமைப்படுத்த 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்றும் அதற்கொரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும். டப்பைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள். அடிபட்ட மீனை வைக்க இடம் இல்லாதவர் சிக்லிட் வளர்க்கக் கூடாது.

2. தண்ணீரை அளப்பது

அடுப்படியிலேயே பாதி விடை இருக்கிறது. பருப்பு வேகாத தண்ணீர், குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் எல்லாம் கடின நீர். கோவையின் சிறுவாணி போன்ற தண்ணீரும் மழைநீரும் மென்னீர்.

மீதிப் பாதிக்கு அளக்க வேண்டும். போர் தண்ணீரைப் பிடித்த உடனே பிஎச் பார்க்காதீர்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அளவைக் குறைத்துக் காட்டும். ஒரு வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு, 24 மணி நேரம் கழித்து அளந்துபாருங்கள். குழாயடியில் 7.2 காட்டிய தண்ணீர் மறுநாள் 8-ஐத் தொடுவது சாதாரணம்.

டிடிஎஸ் பேனா காட்டும் எண் தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, கடினத்தன்மை அல்ல. கடலோரப் போர் கிணறுகளில் டிடிஎஸ் 1500 இருக்கும், அதில் பெரும்பகுதி வெறும் உப்பாக இருக்கலாம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீனுக்கு வேண்டியது கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டும். அவற்றைக் காட்டுவது ஜிஎச், கேஎச் சோதனைகள். ‘கல்லுப்பு போட்டால் ஆப்பிரிக்கன் மீனுக்குச் சரியாகிவிடும்’ என்பார் கடைக்காரர். சமையல் உப்பில் அவை போதிய அளவு கிடையாது.

முடிவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜிஎச் 6 டிகிரிக்குக் கீழ் என்றால் மென்னீர், 6 முதல் 12 வரை நடுத்தரம், 12-க்கு மேல் கடினம்.

தண்ணீரை மாற்ற முடியாதா என்றால், முடியும். நூறு லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா கேஎச்சை ஏறக்குறைய ஒரு டிகிரி உயர்த்தும். 4.4 கிராம் எப்சம் உப்பு ஜிஎச்சை ஒரு டிகிரி உயர்த்தும். கடின நீரில் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் இரண்டும் பாதியாகும். ஆனால் இதை ஒவ்வொரு வாரத் தண்ணீர் மாற்றத்துக்கும், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்பவரையும் சேர்த்து, யாராவது தவறாமல் செய்தாக வேண்டும். ஒரு வாரம் கலந்து, மறு வாரம் மறந்து, அளவு மேலும் கீழும் ஆடுவதைவிடச் சற்றுப் பொருந்தாத நிலையான தண்ணீரே மேல். முதல் தொட்டிக்கு வீட்டுத் தண்ணீரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

3. லிட்டர் அல்ல, அடிப்பரப்பு

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 36 × 18 × 18 என்றால் 191 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 160 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். 48 × 18 × 18 என்றால் 255.

சிக்லிட் பங்குபோடுவது தரையைத்தான். 36 × 12 × 24 தொட்டியும் 36 × 18 × 16 தொட்டியும் ஒரே கொள்ளளவு, 170 லிட்டர். முதலாவதில் இரண்டு ஜோடிக்கு எல்லை பிரிய இடமில்லை. இரண்டாவதில் உண்டு. அகலம் 12 அங்குலமாக இருந்தால் கல் அடுக்கிய பிறகு மீன் திரும்ப மட்டுமே இடம் மிஞ்சும். தொட்டி செய்யக் கொடுக்கும்போது உயரத்தில் குறைத்து அகலத்தில் கூட்டச் சொல்லுங்கள். ஏஞ்சல் மீன் மட்டும் விதிவிலக்கு. அதன் துடுப்பு விரிய 18 அங்குல உயரமாவது வேண்டும்.

எடை: 191 லிட்டர் தொட்டி கல், மணலோடு கால் டன்னைத் தொடும். பழைய டிவி ஸ்டாண்ட் தாங்காது.

4. உங்கள் தண்ணீருக்கு எந்தக் கூட்டம்

ஒரு தொட்டிக்கு ஒரு கூட்டம் மட்டும். ஆப்பிரிக்க ஏரி மீனையும் அமேசான் மீனையும் சேர்க்கக் கூடாது என்பதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. மலாவி மீன் நாள் முழுக்கத் துரத்தும். ஏஞ்சல் அசையாமல் நின்று கடி வாங்கும்.

கடின நீர், பிஎச் 7.8-க்கு மேல்: மலாவி ஏரியின் பாறை மீன்கள், அதாவது எம்புனா. முதல் தொட்டிக்கு எலக்ட்ரிக் யெல்லோ எனும் மஞ்சள் லேப், அதோடு ரஸ்டி சிக்லிட். இரண்டும் 8 முதல் 10 செ.மீ. வரை வளரும், எம்புனாக்களில் சாதுவானவை. ஒரே இனம் போதும் என்றால் சவுலோசி எடுங்கள். ஆண் நீலம், பெண் மஞ்சள், ஆகவே ஒரே இனத்தில் இரு நிறம் கிடைக்கும். மஞ்சள் லேபையும் ரெட் ஸீப்ராவையும் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் கலந்து குஞ்சு போடும். கடைகளில் ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று விற்கும் மங்கிய ஆரஞ்சு மீன்களில் பல இப்படி வந்தவை.

எம்புனாக்களில் பெரும்பாலானவை பாறையில் படியும் பாசியை மேய்ந்து வாழ்பவை, குடல் நீளம். தினமும் ரத்தப்புழுவும் மாட்டு இதயமும் போட்டால் வயிறு உப்பி, வெள்ளை இழையாகக் கழிந்து சாகும். ஸ்பைருலினா கலந்த உணவே அடிப்படை.

ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரியில் காலி நத்தை ஓட்டுக்குள் வாழும் மல்ட்டிஃபாசியேட்டஸ், 4 செ.மீ. மீன், கடின நீருக்கு இன்னொரு நல்ல தேர்வு. இரண்டடித் தொட்டியிலேயே ஆறு மீனும் பதினைந்து ஓடுகளும் போட்டால் ஒரு குடியிருப்பு உருவாகும். 2 செ.மீ. வாய் உள்ள வயல் நத்தை ஓட்டைக் கொதிக்கவைத்துப் போட்டால் போதும். எல்லாக் கடையிலும் கிடைக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டும்.

கடினமும் கொஞ்சம் உப்பும் சேர்ந்த கடலோரப் போர் தண்ணீருக்கு நம்முடைய ஆரஞ்சு குரோமைட் இருக்கிறது. தென்னிந்தியா, இலங்கையின் கழிமுக மீன், அதிகபட்சம் 8 செ.மீ. ஆறு மீன் சேர்த்து விட்டால் தயக்கமில்லாமல் நடமாடும், தனியாக விட்டால் ஒளியும். தாய் தந்தை இருவருமே குஞ்சைக் காப்பார்கள், குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் உள்ள கொழகொழப்பைக் கொத்தித் தின்னும். வெளிநாட்டு மீனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இதன் உறவான பச்சை குரோமைட், கேரளத்தார் தட்டில் வைக்கும் கரிமீன், 20 செ.மீ. தாண்டும். மூன்றடிக்கு வேண்டாம்.

நடுத்தர நீர், பிஎச் 7 முதல் 7.8: இங்கே தேர்வு அதிகம். கிரிபென்சிஸ் ஒரு ஜோடி (ஆண் 10 செ.மீ., பெண் 8), ஃபயர்மவுத் ஒரு ஜோடி, எலக்ட்ரிக் ப்ளூ அகாரா ஒரு ஜோடி. மூன்றில் ஒன்று, மூன்றும் அல்ல. பொலிவியன் ராமும் இந்தத் தண்ணீரில் நன்றாக இருக்கும். கடையில் வளர்ந்த ஏஞ்சலும் பழகிக்கொள்ளும்.

மென்னீர், பிஎச் 7-க்குக் கீழ்: ஏஞ்சல், ராம், அபிஸ்டோகிராமா. ராமுக்கு 27 முதல் 30 டிகிரி வெப்பம் பிடிக்கும் என்பதால் நம் வெயிலுக்கு ஏற்றது. ஆனால் புதுத் தொட்டியைத் தாங்காது. தொட்டி ஓடத் தொடங்கி மூன்று மாதம் கழித்து விடுங்கள். ஏஞ்சலோடு நியான் டெட்ரா விட்டால் ஏஞ்சல் வளர்ந்ததும் அதை விழுங்கிவிடும். ரம்மி நோஸ் போன்ற சற்றுப் பெரிய டெட்ரா பொருந்தும். டிஸ்கஸ் முதல் தொட்டிக்கு வேண்டாம், அனுபவம் வந்த பிறகு இரண்டாவது தொட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

5. அழகாக இருந்தாலும் வேண்டாதவை

வாங்கும்போது இருக்கும் அளவைப் பார்க்காதீர்கள். ஐந்து செ.மீ. ஆஸ்கர் 30 செ.மீ. ஆகும். 18 அங்குலம் என்பது 46 செ.மீ. அந்த அகலத்தில் அது திரும்புவதைக் கற்பனை செய்துபாருங்கள். ஃப்ளவர்ஹார்னும் அந்த அளவுதான். அதற்கு நான்கடித் தொட்டி, அதுவும் தனியாக.

அவுரேட்டஸ் குட்டியாக இருக்கும்போது மஞ்சள் கறுப்புக் கோட்டோடு கண்ணைப் பறிக்கும். வளர்ந்த ஆண் மூன்றடியில் வேறு ஆணை உயிரோடு விடாது. கான்விக்ட் மோசமான மீன் அல்ல, எந்தத் தண்ணீரிலும் வாழும். ஆனால் ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் மூன்றடித் தொட்டி முழுவதும் அதற்கே. மற்ற மீன்கள் மேல் மூலையில், ஹீட்டருக்குப் பின்னால், தலை மேலே தூக்கியபடி வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காட்சியைக் கண்டால் அன்றே பிரிக்க வேண்டும்.

நீலம், ஊதா, பச்சை நிறத்தில் விற்கும் பேரட் மீன்கள் சாயம் ஏற்றியவை. நிறம் போய்விடும், சாயம் ஏற்றிய காயம் மிஞ்சும்.

‘டேங்க் க்ளீனர்’ என்று கையில் திணிக்கப்படும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, தின்பதைவிட அதிகம் கழியும்.

6. எத்தனை, எந்த விகிதம்

அங்குலத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கைச் சிக்லிட்டுக்குப் போடாதீர்கள். எல்லை காக்கும் மீனில் மூன்று விடுவது பன்னிரண்டு விடுவதைவிட ஆபத்தாக முடியும்.

எம்புனாவுக்கு 36 × 18 தொட்டியில் 12 முதல் 14 மீன், இரண்டு இனம். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது. ஒரே பெண் இருந்தால் ஆண் அதை மட்டுமே துரத்தும். நான்கு இருந்தால் துரத்தல் பங்காகும். குட்டியில் ஆண் பெண் தெரியாது. குதத் துடுப்பில் இருக்கும் மஞ்சள் புள்ளியை வைத்துச் சொல்வார்கள், பெண்ணுக்கும் அந்தப் புள்ளி வரும். ஆகவே ஓர் இனத்தில் எட்டுக் குட்டி வாங்கி, ஆறேழு மாதத்தில் நிறம் ஏறி மிரட்டும் கூடுதல் ஆண்களை எடுத்துவிடுவதே வழி.

எம்புனாவை நெருக்கமாக விடுவதற்கு விலை உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சு வடிவம் பிஎச் கூடக் கூட ஏறும். 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழ்தான் நச்சு. 8.2 என்றால் பத்து சதவீதம். அதனால் ஃபில்டர் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் ஏழெட்டு மடங்கு ஓட வேண்டும், 191 லிட்டருக்கு 1400 லிட்டர் அளவில். ஏஞ்சல், ராமுக்கு நான்கைந்து மடங்கே அதிகம், வேகமான ஓட்டம் அவற்றுக்குப் பிடிக்காது.

ஏஞ்சல்: ஆறு குட்டி வாங்கி, ஒரு ஜோடி தானாகச் சேர்ந்ததும் மற்றவற்றைத் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் ‘ஜோடி’ என்று பிடித்துக் கொடுக்கும் இரண்டு பெரும்பாலும் வெறும் இரண்டு மீன்தான். ராம்: மூன்றடியில் இரண்டு ஜோடி, நடுவில் பார்வையை மறைக்க ஒரு வேர்க்கட்டை.

7. கல், மணல், மறைவிடம்

கல்லை மணல்மேல் வைக்காதீர்கள். தொட்டிக் கண்ணாடிமேல், மெல்லிய தெர்மோகோல் தாள் விரித்து, முதலில் கல். அதன்பிறகு சுற்றிலும் மணல். எம்புனா தோண்டும். மணல்மேல் நிற்கும் கல் ஒருநாள் சரிந்து கண்ணாடியை உடைக்கும்.

மென்னீர் மீனுக்குக் கல் எடுக்கும்போது அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கும். கருங்கல் நுரைக்காது. கடல் மணலில் கிளிஞ்சல் தூள் இருப்பதால் அதுவும் எம்புனாவுக்கு மட்டும். எம்.சாண்ட் கூர்மையானது, மணலை வாயில் அள்ளிச் சலிக்கும் மீனுக்கு ஆகாது. அலசிய ஆற்று மணல் நல்லது.

கிரிபென்சிஸுக்குக் குகை வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். சாயம் பூசாத சின்ன மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் இரண்டு விரல் அகலம் உடைத்து, உடைந்த முனையைத் தேய்த்துவிட்டால் ஆயிற்று. எம்புனாவுக்கு மீனைவிட ஒன்றிரண்டு பொந்து கூடுதலாக இருக்க வேண்டும். துரத்தப்படும் மீன் பார்வையிலிருந்து மறைந்தால் துரத்துவதும் நிற்கும்.

8. மீன் இல்லாமல் தொட்டியை ஓட்டுவது

அவசரக்காரர்கள் தாண்டும் படி இது. ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளராமல் பன்னிரண்டு சிக்லிட் விட்டால் ஒரு வாரத்தில் அம்மோனியா கொல்லும். ஆன்டி க்ளோரின் போட்ட தண்ணீரில், வலைப்பையில் ஒரு இறால் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஃபில்டரை ஓடவிடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி நாள் மிச்சம். ஆனால் அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும்.

கண்ணுக்குத் தண்ணீர் பளிச்சென்று இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

9. கடையில் பார்ப்பது

சென்னையில் கொளத்தூர் போனால் ஒரே தெருவில் பல கடை, விலையைவிட மீனை ஒப்பிட அது வசதி. சாயங்காலக் கூட்டத்தில் போகாதீர்கள். ஆளில்லாத நேரத்தில் போய், கொஞ்சம் தீனி போடச் சொல்லிக் கேளுங்கள். பாய்ந்து வந்து தின்னும் மீனே ஆரோக்கியமானது. வாயில் வாங்கித் துப்பும் மீனை விடுங்கள்.

வயிறு முதுகோடு ஒட்டியிருந்தாலோ கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினாலோ குடல் நோய். செவுள் ஒன்று மட்டும் அசைவதும் கெட்ட அறிகுறி. ஒரே தொட்டியில் ஒரு செத்த மீன் கிடந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். மூன்று செ.மீ. குட்டியில் முழு நிறம் மின்னினால் சந்தேகப்படுங்கள். ஹார்மோன் கொடுத்து ஏற்றிய நிறம் சில வாரத்தில் வெளுக்கும்.

கடைத் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும் பேனாவில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு வேண்டும்.

10. விடும் வரிசை

முதலில் தனிமை டப்பில் மூன்று வாரம். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீராகச் சேர்த்து, வலையால் மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீர் வெளியே போகட்டும். கடைக்கும் வீட்டுக்கும் டிடிஎஸ் வித்தியாசம் 200-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இதைச் செய்யுங்கள்.

எம்புனாவை மொத்தமாக ஒரே நாளில் விடுவது நல்லது, யாருக்கும் பழைய எல்லை இருக்காது. கலப்புத் தொட்டியில் சாது மீன் முதலில், முரட்டு மீன் கடைசியில். ஏற்கெனவே இருக்கும் கூட்டத்தில் புது மீன் சேர்க்க வேண்டியிருந்தால் கற்களை இடம் மாற்றி, தீனி போட்டு, விளக்கை அணைத்த பிறகு விடுங்கள்.

11. முதல் இரண்டு மாதம்

வாரத்துக்கு 30 சதவீதம் தண்ணீர் மாற்றம், நைட்ரேட் லிட்டருக்கு 40 மி.கி.க்குக் கீழ். சென்னையில் மே மாதம் தொட்டி 32 டிகிரி தொடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்ஸிஜன் பிடிக்கும் தண்ணீர் 32-ல் 7.3 மி.கி. மட்டுமே பிடிக்கும். அந்த மாதத்தில் தீனியைக் குறைத்து, ஏர் பம்பைக் கூட்டுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் நேர்மாறாக ஹீட்டர் ஆண்டு முழுக்க வேண்டும்.

துடுப்பு ஓரம் லேசாகக் கிழிவது சிக்லிட் வாழ்க்கை. செதில் உதிர்ந்தாலோ, ஒரு மீன் தீனிக்குக்கூட வெளியே வராவிட்டாலோ டப்புக்கு மாற்றுங்கள். அடிபட்டதைவிட அடிப்பதை எடுத்து ஒரு வாரம் டப்பில் வைப்பது பல நேரம் பலன் தரும். திரும்பி வரும்போது அதன் இடத்தை வேறொன்று பிடித்திருக்கும்.

கூடுதல் ஆண்களும் குஞ்சுகளும் கட்டாயம் வரும். வாங்கும் அன்றே, திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் பேசிவையுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். ஜிலேபியும் சக்கரும் நம் ஏரிகளை எப்படி நிறைத்திருக்கின்றன என்பதை மீன் பிடிப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.